மதியப் படத்தில் யார் சாவது?

தெருவில் யாராவது இறந்துபோனால் பந்தல்காரருக்கும் பூக்கடைக்கும் அடுத்தபடியாக போன் வருவது கேபிள்காரனுக்குத்தான். "தம்பி, லைனைக் கழட்டிடுங்க" என்று ஒரு போன். "தம்பி, அப்பா போட்டோவக் குடுத்தனுப்பறோம், சேனல்ல போடுங்க" என்று இன்னொரு போன். இரண்டுக்கும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டும். குரலில் கொஞ்சம் வருத்தமும் இருக்கவேண்டும்.

2004இலிருந்து 2012 வரை சிதம்பரத்தில் நான் கேபிள் நடத்தினேன். முந்நூறு சொச்சம் வீடு. கூடவே ஓர் உள்ளூர் சேனல். சேனல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு டிவிடி பிளேயர், ஒரு பழைய கம்ப்யூட்டர், அது சூடாகாமலிருக்க ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான். தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு பழைய படம் போடுவேன். படத்துக்கு நடுநடுவே பிறந்தநாள் வாழ்த்து, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஸ்லைடு ஓடும். என்ன படம் போடுவது என்று தீர்மானிப்பது நான். அதாவது, இன்று மதியம் யார் சாகப்போகிறார்கள் என்று தீர்மானிப்பதும் நான்தான். அதனால் படத்தில் விழுந்த சாவுக்கெல்லாம் ஜனங்கள் என்னைத்தான் கேள்வி கேட்டார்கள். மதியம் படத்துக்கு அழுது, முகம் கழுவி, காபி குடித்து, சாயங்காலம் சீரியலுக்கு மறுபடி அழ உட்கார்ந்த நீங்களும் நானும் ஒரே படகில் கஷ்டப்பட்டவர்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

விளக்கு முன்னால் ஒரு செய்தி

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை, பதினாறு நாள், டிவி போடமாட்டார்கள். ரிமோட்டை எடுத்து ஒளித்துவைத்தால் போதாதா, எதற்கு லைனையே கழட்டச் சொல்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு வீட்டில் கேட்டே விட்டேன். "லைன் இருந்தா கை சும்மா இருக்காது தம்பி" என்றார்கள். நியாயம்தான்.

மேல வீதிக்குப் பின்பக்கம் ஒரு வீட்டில் மாமியார் காலமானார். போய்க் கழட்டிவிட்டு வந்தேன். அந்த மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் ஏழரை மணி ஆனால் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சீரியல் பார்ப்பார்கள். ஒன்பதாம் நாள் மருமகள் எனக்கு போன் செய்தார். குரல் ரகசியமாக இருந்தது. திருட்டுத்தனமாக லைனை மாட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அது இல்லை. அந்த சீரியலில் சொத்துக்காகக் குடும்பத்துக்கே விஷம் வைக்கப் பார்த்த ஒரு சித்தி உண்டு. அவளைப் போலீஸ் பிடித்ததா என்று மட்டும் தெரியவேண்டுமாம். நேற்றுதான் பிடித்தார்கள் என்றேன். அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று வந்தது.

"அப்பாடா! அத்த ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூட அதத்தான் கேட்டுக்கினு இருந்தாங்க. லைன்லயே இருங்கண்ணே, வெளக்கு முன்னாடி போய் சொல்லிட்டு வந்துடறேன்."

யாரும் சாகாத படம்

சுனாமி வந்த மார்கழியில் நான் தொழிலுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கிள்ளைப் பக்கத்திலிருந்து பல பேர் சிதம்பரத்தில் சொந்தக்காரர் வீடுகளில் வந்து தங்கியிருந்தார்கள். எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதே அலை, அதே வரிசையாகக் கிடத்திய உடல்கள். நான் என் பங்குக்கு ஒரு முடிவெடுத்தேன். மதியப் படத்தில் கொஞ்ச நாளைக்கு யாருமே சாகக்கூடாது. சாவே இல்லாத தமிழ்ப் படம் தேடுவது எவ்வளவு கஷ்டமென்று தேடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். சிரிப்புப் படத்தில்கூட இடைவேளைக்குள் ஓர் அம்மாவாவது இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஓர் அம்மா வந்தார். கிள்ளைக்காரர், தங்கை வீட்டில் தங்கியிருந்தார். அண்ணன் குடும்பத்தில் இரண்டு பேரைப் பறிகொடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. "ஏன் தம்பி, நல்லா அழற மாதிரி படமே உன்கிட்ட இல்லியா?" என்று கேட்டார். இத்தனை துக்கத்தில் அதைப் போடவேண்டாமே என்று பார்த்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. இவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்ற யோசனைதான் இருந்தது.

"நியூஸ்ல எத்தினி பேருன்னு எண்ணிக்கினே இருக்கறான், ஒருத்தர் பேரையும் சொல்ல மாட்டேங்கறான். படத்துலன்னா செத்தவனுக்கு அழ ஒரு பொண்டாட்டி, தூக்க நாலு பேருன்னு வெச்சிருக்கான். அதப் போடு தம்பி, அவுங்களோட சேர்ந்து நாங்களும் அழுதுக்கறோம்."

குண்டு வராத கதை

இதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். படத்தில் கதாநாயகனை நோக்கி வில்லன் சுடுவான். குறுக்கே ஒருத்தி வந்து விழுவாள். அவள் யார் என்று பார்த்தால், முன்னால் ஒருவனை நம்பி ஏமாந்தவளாக இருப்பாள். அல்லது கிளப்பில் ஆடியவளாக இருப்பாள். அல்லது புருஷன் விட்டுப் போனவளாக இருப்பாள். கதாநாயகி மேல் ஒரு கீறல்கூட விழாது. குண்டுக்கு எப்படி ஜாதகம் தெரிகிறது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

கீழ வீதியில் தையல் கடை வைத்திருந்த ஸ்டெல்லா அக்கா கடையில் ஒரு சின்ன டிவி உண்டு. மதியப் படத்தைக் காதால் கேட்டுக்கொண்டே ரவிக்கை தைப்பார். முதல் புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போக, கடலூரிலிருந்து சிதம்பரம் வந்து, இரண்டாவதாக ஒருவரைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். ஒரு நாள் கடைக்குள் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தபோது டிவியில் அந்தக் காட்சி வந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அக்கா தலையைத் தூக்காமலேயே "யாரு, அந்த ரெண்டாவது பொம்பளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெடலை நிறுத்திவிட்டு வாயிலிருந்த ஊசியை எடுத்தார்.

"நானும் ரெண்டாங்கல்யாணம் பண்ணி ஒம்போது வருசம் ஆச்சி. கும்புடற சாமி புண்ணியத்துல ஒரு குண்டும் இந்தப் பக்கம் வரல. படம் எடுக்கறவன் கண்ணுல நான் இன்னும் படலபோல."

மலை இல்லாத ஊர்

இப்போது கலியமூர்த்தி மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் சேனல் நடத்திய அறை அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் இருந்தது. புவனகிரியில் உரக்கடை வைத்திருந்தார். ஊர்ப் பக்கம் நிலமும் உண்டு. எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் நான் மாமா என்பேன், அவர் மாப்ள என்பார். அவருடைய ஒரே மகள் கவிதா என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எங்கள் தெருவில் முறை இப்படித்தான் புரளும், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மாமாவுக்குப் படத்தில் நீதி வேண்டும். தப்பு செய்தவன் கடைசியில் செத்தால்தான் சாப்பாடு இறங்கும். அப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளை செத்தால் இன்னும் திருப்தி. வீட்டை எதிர்த்துக் காதலித்த ஜோடி மலை உச்சியிலிருந்து குதித்த படம் ஒன்று போட்டேன். மாமா மாடி ஏறி வந்து கையைக் குலுக்கினார். பின்னாலேயே டீ எடுத்துக்கொண்டு கவிதா வந்தாள். அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கீழே இறங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏண்ணா, லவ் பண்றவங்க எல்லாம் மலைக்குப் போயிதான் குதிக்கணுமா? நம்ப கடலூர் மாவட்டத்துல குதிக்கற மாதிரி ஒரு மலையும் இல்லியே, இங்க இருக்கறவங்க என்னா பண்றது?"

செத்தவர் திரும்பினார்

ஒரு சீரியலில் குடும்பத் தலைவரைச் சாகடித்தார்கள். ஒரு வாரம் முழுக்கப் பாடை, ஒப்பாரி, மொட்டை, படையல் எல்லாம் காட்டினார்கள். நடித்தவருக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நாலு மாதம் கழித்து அந்த வேலை முடிந்ததோ என்னவோ, ஆள் வாசலில் பையோடு வந்து நின்றார். செத்தது வேறு யாரோவாம். அன்று ராத்திரியே தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எனக்கு போன் செய்து கத்தினார். சீரியலை எடுப்பது நான் இல்லை என்று எத்தனையோ தரம் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் பண்ணி முடிச்சிட்டு இப்ப ஆள இட்டாந்து நிறுத்தினா என்னாய்யா அர்த்தம்? எங்க வூட்டுக்காரி அந்தாளுக்காக ரெண்டு நாள் சரியா சாப்பிடல தெரியுமா!"

பேருக்குப் பின்னால் ஒரு படிப்பு

2008 ஆனி மாதம் கவிதா வீட்டை விட்டுப் போனாள். கடலூரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்த ஆரோக்கியராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையனுக்குப் படிப்பு இருந்தது, வேலை இருந்தது, நல்ல குணம் என்றும் சொன்னார்கள். ஆனால் கும்பிடும் கோயில் வேறு, குடியிருக்கும் தெரு வேறு. மாமாவுக்கு அந்த இரண்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாமா மாடி ஏறி வந்தார். கையில் ஒரு சின்ன போட்டோவும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன. "கண்ணீர் அஞ்சலி போடு மாப்ள" என்றார். காகிதத்தில் தோற்றம் என்று கவிதாவின் பிறந்த தேதி இருந்தது. மறைவு என்று அவள் கல்யாணம் செய்துகொண்ட தேதி இருந்தது. இந்த மாதிரி உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு அஞ்சலி பேனர் கட்டியதாக எங்கெங்கோ கேள்விப்பட்டதுண்டு. என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "வேணாம் மாமா" என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அறை அவருடையது, டிஷ் நிற்பது அவர் மாடி, அதெல்லாம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இப்போதுதான் சொல்கிறேன்: இதைப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் பெயரை அடித்தேன். மாமா பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ விட்டுப்போன மாதிரி குனிந்து விரலை வைத்துக் காட்டினார்.

"பேருக்குப் பின்னால பி.எஸ்சி. நர்சிங்னு போடு மாப்ள. நான்தான படிக்க வெச்சேன்."

மாலையோடு வந்தவர்கள்

இரண்டு மணிக்குப் படம் ஆரம்பித்தது, ஸ்லைடும் ஓடியது. எங்கள் தெருவுக்கு விஷயம் தெரியும் என்பதால் ஸ்லைடைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மாமா எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். ஆனால் பக்கத்துத் தெருவில் யாரோ பார்த்துவிட்டு, விவரம் தெரியாமல், புவனகிரியில் இருந்த மாமாவின் ஒன்றுவிட்ட தங்கைகளுக்கு "கவிதா பூட்டாளாம்" என்று போன் போட்டுவிட்டார். நாலு மணிக்குள் ஒரு வேன் வந்து நின்றது. ஏழெட்டுப் பெண்கள், கையில் மாலை, கோடித் துணி. வண்டியிலிருந்து இறங்கும்போதே தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரி. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கவிதாவின் அம்மாவை நான் அத்தை என்பேன். சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரைக் கூடத்து நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "என் தங்கமே, எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க?" என்று ஒருத்தி. "மூஞ்சிய ஒருதரம் காட்டுங்கடி" என்று இன்னொருத்தி. அத்தை எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? அந்தச் சமயம் பார்த்து மாமா கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் மாடிவரைக்கும் கேட்டது.

"அழுவாதீங்கடி! அவ நல்லாத்தான் இருக்கறா! காலையிலகூட போன் பண்ணி, சாப்ட்டியாம்மான்னு கேட்டா!"

நல்ல போட்டோ

அத்தை மகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது மாமாவுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் வீட்டு போனை எடுத்துக்கொண்டுபோய் டெலிபோன் ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அஞ்சலி அரை நாள்தான் ஓடியது. ஆனால் ஓர் அம்மா மகள் குரலைக் கேட்கமுடியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். படமாக இருந்தால் இந்த மாதிரி வேலை செய்தவனை ஒரு லாரி வந்து அடித்திருக்கும். எனக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தியது.

அந்த வாரமே கவிதா என் செல்லுக்குப் பேசினாள். "அம்மா வத்தல் காயவைக்க மாடிக்கு வருவாங்கல்ல, அப்ப உங்க போனக் குடுங்கண்ணா" என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு வெயில் அடித்த நாளெல்லாம் அத்தை வத்தல் போட்டார். எங்கள் வீட்டுக்கே வருஷத்துக்குப் போதுமான வத்தல் வந்து சேர்ந்தது. அன்றைக்கு போனை வைக்குமுன் மன்னிப்புக் கேட்கலாமென்று தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சாவடிச்சதுகூட பரவால்லண்ணா. அந்த ப்ளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோவப் போய் ஏண்ணா போட்டீங்க? யாரோ செல்லுல எடுத்து அனுப்பி, வார்டு பூரா சிரிக்கறாங்க."

வசனம் எழுத ஆள்

அடுத்த வருஷம் ஒரு சீரியல் ஆரம்பித்தது. காதலித்த மகளை வீட்டை விட்டுத் துரத்திய ஓர் அப்பாவின் கதை. மாமா அதை விட்டுக்கொடுக்காமல் பார்த்தார். அந்த மகள் கோயில் வாசலில் பசியோடு உட்கார்ந்திருந்த அன்று அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த அப்பாவை "இவன்லாம் ஒரு மனுசனா" என்று திட்டினார். அத்தை பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கோ மண்டை குடைந்தது. இந்த மனுஷனுக்கு உண்மையிலேயே இது தன் கதைதான் என்று தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாரா? கண்ணீர் நிஜம். அதில் சந்தேகமே இல்லை.

கரண்ட் கட் உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரு நாள் சீரியல் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலையில் மாமா என் அறைக்கு வந்து, நேற்று என்ன ஆச்சு என்று கேட்டார். கடலூர்ப் பக்கம் கரண்ட் இருந்திருக்கிறது, அங்கே பார்த்தவர்களிடம் கேட்டுவைத்திருந்தேன். அந்த அப்பா மகள் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டார், கதவைத் தட்டக் கையைத் தூக்கும்போது தொடரும் போட்டுவிட்டான் என்று சொன்னேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். விட்டால் மறுபடி கேட்க தைரியம் வராது என்று, "அவரு போனது சரிதான மாமா?" என்று கேட்டுவிட்டேன். மாமா ஃபேனைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார்.

"அவனுக்கு எழுதிக் குடுக்க ஆள் இருக்கு மாப்ள. கதவு தொறந்ததும் மொதல்ல என்னா பேசணும்னு வசனம் எழுதிக் குடுத்துடறான். நமக்கு யாரு எழுதுவா?"

காரணம் என்ற கட்டம்

2010இல் கவிதாவுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. கடலூரில் அவர்களுக்கென்று தனி ரேஷன் கார்டு வாங்கவேண்டும். அதற்கு அப்பா கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கிய சான்று வேண்டும். குடும்பத் தலைவரே வந்து கையெழுத்துப் போடவேண்டும். அத்தை என்னைப் பேசச் சொன்னார். கூடவே கவிதா தபாலில் அனுப்பியிருந்த திருமணப் பதிவின் ஜெராக்ஸையும் கொடுத்து, "சட்டப் பையில வெச்சிக்க" என்றார். எனக்கு இதில் ஓர் ஆச்சரியம். மகளை டிவியில் சாகடித்த மனுஷர் இரண்டு வருஷமாகக் கார்டில் மட்டும் பெயரை அப்படியே வைத்திருந்திருக்கிறார். மாமாவிடம் போய், "கார்டுல கவிதா பேரு இன்னும் இருக்காம், எடுத்துடலாமா?" என்றேன். மாமா முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் சொல்வதற்கு அவருக்கு வேறு வழியில்லை. "எடுத்துட வேண்டிதான்" என்றார்.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் வரிசை வெயிலில் நீண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்ததும் உள்ளே இருந்த அம்மா பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். நீக்கலுக்கான காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. "காரணம் என்னங்க?" மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, "செத்துட்டா" என்றார். அந்த அம்மாவுக்குப் பாவம், நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "அடடா, சின்ன வயசுங்களே. இறப்புச் சான்றிதழ் எடுத்தாந்திருக்கீங்களா?" என்றார். மாமாவிடம் இல்லை. எங்கள் சேனல் ஸ்லைடைத் தவிர உலகத்தில் அப்படி ஓர் அத்தாட்சி கிடையாது. "அது இல்லாம இறப்புன்னு எழுத முடியாதுங்க. இல்லன்னா கல்யாணம் ஆயிருக்கணும். கார்டுல பொண்ணுங்க பேர எடுக்க இங்க வேற காரணமே இல்லீங்களே" என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. என் சட்டைப் பையில் இருந்த ஜெராக்ஸ் எனக்குக் கனத்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. இந்தத் தடவை நான் கையை நீட்டக்கூடாது, அவர் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றேன். மாமா பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு குனிந்து, நிறுத்தி நிறுத்தி, "திருமணம்" என்று எழுதினார்.

நான் ஜெராக்ஸை எடுத்து வைத்தேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, இது பழைய விலாசம் போல இருக்கிறதே, மாப்பிள்ளை பெயரும் இப்போது இருக்கும் விலாசமும் சொல்லுங்கள் என்றார். அவர்கள் வீடு மாறியது எனக்குத் தெரியும், புது விலாசம் தெரியாது. கவிதாவுக்கு போன் போடலாமென்று செல்லை எடுத்தேன். அதற்குள் மாமா சொல்ல ஆரம்பித்துவிட்டார். "எஸ். ஆரோக்கியராஜ்." அந்தப் பெயரை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். "பதினேழாம் நம்பர், நாலாவது குறுக்குத் தெரு, புதுப்பாளையம், கடலூர். மாடி வீடு. கீழ அயர்ன் கடை வெச்சிருக்காங்க. பால்கனியில ஒரு நீல கலர் தூளி கட்டியிருக்கும்." அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "தூளியெல்லாம் வேணாங்க. பேரனப் பாக்க அடிக்கடி போவீங்க போல" என்றார். மாமா பாரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லம்மா. ஒரே ஒருக்கா போனேன். எதுத்தாப்புல டீக்கடை வரைக்கும்."

மன்னிப்பு என்று ஒன்று கிடைக்கவேண்டுமானால் கடைசிக் காட்சியில் ஒருவராவது சாகவேண்டும் என்று கதை எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு நாளாவது ரேஷன் ஆபீஸ் வரிசையில் நின்றிருப்பார்களா என்பதுதான் எட்டு வருஷம் மதியப் படம் போட்டவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே சந்தேகம்.